வீட்டுத் தொழிலுக்குக் கணக்கும் வரியும்: கைவசம் இருக்க வேண்டிய குறிப்புகள்

பிளவுஸ் தைப்பவர், குழம்புப்பொடி அரைத்து விற்பவர், மாலையில் டியூஷன் எடுப்பவர், முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து வடிவமைப்பு வேலை செய்பவர். இவர்கள் கைவேலையில் குறை சொல்ல எதுவும் இருக்காது. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட தொழில்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பர்ஸில் கிடக்கும். அதைப் பிரித்துவிட்டால் பாதிக் கணக்கு தானாக வந்துவிடும், வரி என்றதும் வருகிற பயமும் குறையும். அதனால்தான் இந்தக் குறிப்புகளில் கணக்கு முன்னால் வருகிறது, வரி பின்னால் வருகிறது. இங்கே தந்துள்ள தொகைகளும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டு நிலவரப்படியானவை.

1. தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். நடப்புக் கணக்காக இருப்பது முறை. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு வைக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வங்கிகளில் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிற க்யூஆர் அட்டை அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். 'என் நம்பர்ல ஜிபே இல்ல, வீட்டுக்காரர் நம்பருக்குப் போட்டுடுங்க' என்று சொல்லும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். உழைப்பு உங்களுடையது, வரவு அவர் பெயரில். நாளைக்கு நீங்கள் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

2. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வழியாக வந்த வரவுகளைக் கூட்டிப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத காய்கறி விற்றவர்களுக்கும் வந்தது. சொந்தக்காரர் அனுப்பிய பணம், கைமாற்று, விற்பனை எல்லாம் ஒரே கணக்கில் கலந்திருந்தவர்கள் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் திணறினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த அரசு இறங்கி வந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சில வாரங்களில் அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், தனிக் கணக்கு வைத்துக்கொள்வதன் அருமை புரியும்.

3. கணக்கு எழுத மென்பொருள் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீள நோட்டு ஒன்று போதும். தேதி, விவரம், ரொக்க வரவு, ஜிபே வரவு, ரொக்கச் செலவு, வங்கிச் செலவு என்று ஆறு பத்திகள். ஏழாவதாக இன்னொன்று: 'வீட்டுக்கு எடுத்தது'. பால்காரருக்குக் கொடுத்தது, பிள்ளையின் வேன் கட்டணம், கோயில் உண்டியல் எல்லாம் அந்தப் பத்தியில்தான் சேர வேண்டும், தொழில் செலவில் சேரக் கூடாது. ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் போதும். 'சம்பாதிக்கிறேன், ஆனால் கையில் நிற்கவில்லை' என்ற புலம்பலுக்குப் பதில் அந்த ஏழாம் பத்தியில் இருக்கும்.

4. கணக்கை இரவே முடியுங்கள். காலையில் கையில் இருந்த ரொக்கம், அதோடு அன்றைய ரொக்க வரவு, அதிலிருந்து ரொக்கச் செலவையும் வீட்டுக்கு எடுத்ததையும் கழித்தால் வருவது கல்லாவில் இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் இடித்தால் அன்றைக்கே காரணம் நினைவுக்கு வந்துவிடும். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் வராது.

5. வீட்டுக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம் கல்லாவில் கை வைக்காமல், மாதம் ஒரு தேதியில் ஒரு தொகையை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். முதலில் 3,000 ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை. மாதாமாதம் தவறாமல் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

6. விலை வைப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் தங்களையே. குழம்புப்பொடியை எடுத்துக்கொள்வோம். மிளகாய், மல்லி, பருப்பு, மஞ்சள், காஸ் எல்லாம் சேர்த்து 5 கிலோவுக்கு 1,500 ரூபாய் ஆகிறது, மில் கூலி 150, பாக்கெட்டும் லேபிளும் 100 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,750. இதை 5 ஆல் வகுத்து 'கிலோ அடக்கம் 350' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் காயவைத்து, வறுத்து, மில்லில் சிந்தியது போக வீட்டுக்கு வருவது நாலரை கிலோதான் என்றால் அடக்கம் 389 ரூபாய். கிலோவுக்கு 39 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமலேயே போகிறது.

இன்னும் முடியவில்லை. சாமான் வாங்கப் போனது, காயவைத்தது, வறுத்தது, மில்லில் காத்திருந்தது, பாக்கெட் போட்டது என்று நான்கு மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் என்று உங்களுக்கே ஒரு கூலி போட்டால் 300. இப்போது கிலோ அடக்கம் 456 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. லாபம் இதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. 'நான்தானே செய்யறேன், எனக்கு எதுக்குக் கூலி?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்களுக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் ஓர் ஆளை வைத்தால் சும்மா செய்து தருவாரா? அந்தக் கூலிதான் உங்கள் கூலியும்.

7. தையல், ஆரி வேலை செய்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். லைனிங் துணி, நூல், ஹூக், கேன்வாஸ், மணி, ஜமிக்கி எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக எழுதிப் பழகுங்கள். ஆரி வேலையில் பொருளைவிட நேரம்தான் பெரிய செலவு. எந்த டிசைனுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த முறை போட்டோவைப் பார்த்ததுமே விலை சொல்லிவிடலாம்.

8. விலைப்பட்டியலை எழுதி ஒட்டுங்கள். 'சொந்தக்காரங்ககிட்டயும் காசு வாங்குவியா?' என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்வது சங்கடம். சுவரில் இருக்கும் தாள் அதைச் சொல்லிவிடும். நாத்தனாருக்கோ சித்திக்கோ இலவசமாகவே தைத்துக் கொடுக்க விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் லைனிங்கும் நூலும் வாங்கிய செலவை அந்த ஏழாம் பத்தியில் எழுதிவிடுங்கள். அது உங்கள் அன்பளிப்பு. தொழிலின் நஷ்டமாக அது நிற்கக் கூடாது.

9. ஆர்டர் எடுக்கும்போதே பாதி முன்பணம், கொடுக்கும் தேதி, திருத்தம் எத்தனை முறை என்பதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'அக்கா, நீங்க சொன்னபடி இரண்டு பிளவுஸ், மொத்தம் இவ்வளவு, முன்பணம் வந்தாச்சு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரெடி' என்கிற நான்கு வரி போதும். பின்னால் வருகிற மனத்தாங்கல்களில் பெரும்பாதி இதிலேயே நின்றுவிடும். வெள்ளிக்கிழமை முடியாது என்று தெரிந்தால் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். வேலை தாமதமானதைவிட, தாமதமாகச் சொன்னதுதான் வாடிக்கையாளரைக் கோபப்படுத்தும்.

10. பாக்கிக்குத் தனி நோட்டு. பெயர், தேதி, தொகை, தருவதாகச் சொன்ன நாள். அந்த நாள் வந்ததும் கேளுங்கள். 'அண்ணே, போன மாசம் எடுத்த பொடிக்கு 640 ரூபாய் பாக்கி இருக்கு, இன்னிக்கு அனுப்பிடறீங்களா?' என்று தொகையோடு கேட்டால் வரும். 'பார்த்துப் போடுங்க' என்றால் வராது. பழைய பாக்கி தீராமல் புதிய கடன் இல்லை என்ற விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

11. பெரிய இடத்து பாக்கிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. உத்யம் பதிவு செய்த குறு, சிறு தொழில் முனைவோர் பொருள் தயாரித்தோ சேவை செய்தோ கொடுத்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. வெறுமனே வாங்கி விற்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. திருப்பூர், கரூர் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு யூனிட்டுகள் பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் '45 நாள்களுக்குள் செலுத்தவும்' என்ற வரியையும் அச்சடித்துக்கொள்வது நல்லது. வழக்குக்குப் போகாமலேயே அந்த ஒரு வரி வேலை செய்வதுண்டு. சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக இந்த வழியில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். லட்சக்கணக்கில் நின்றால் தயங்கவே கூடாது.

12. உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நாமே செய்யலாம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

13. கடையில் மெஷினிலிருந்து வரும் வழுவழு பில்லில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, அந்தந்த மாதத்தின் பெயரில் ஒரு போல்டரில் போடுங்கள். மிஷின், மிக்ஸி, லேப்டாப் போன்ற பெரிய பொருளின் பில் என்றால் ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். வருமான வரிக்காகப் பழைய கணக்குகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எட்டு ஆண்டு பத்திரமாக வைத்தால் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

14. நீங்களும் பில் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் சாதாரண பில் புத்தகமே அச்சடித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1 அன்று எண் 1இல் தொடங்கி இடையில் எண் விடாமல் மார்ச் 31 வரை போக வேண்டும். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்.

15. ஜிஎஸ்டி எனக்குப் பொருந்துமா? வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவை செய்பவர்களுக்கும், பொருளும் சேவையும் கலந்து செய்பவர்களுக்கும் எல்லை 20 லட்சம். வாடிக்கையாளர் கொடுக்கும் துணியைத் தைத்துத் தந்தால் அது சேவை. நீங்களே துணி வாங்கி நைட்டி தைத்து விற்றால் அது பொருள். டியூஷன் சேவை. எல்லையைக் கணக்கிடும்போது லாபத்தைப் பார்க்கக் கூடாது, மொத்த விற்பனையைப் பார்க்க வேண்டும். ஒரே பான் எண்ணில் இரண்டு தொழில் நடந்தால் இரண்டும் கூட்டப்படும்.

16. இனிச் சொல்வதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் இந்த 40 லட்சம் எல்லை பொருந்தாது. கோயம்புத்தூரில் அரைத்த பொடியை இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பாலக்காட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் கேட்டு, நீங்கள் கூரியரில் அனுப்பினால், முதல் பார்சலுக்கே ஜிஎஸ்டி பதிவு தேவை. கைவினைப் பொருள்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. சேவைக்கு இந்தச் சிக்கல் இல்லை. சென்னையில் உட்கார்ந்து மும்பை நிறுவனத்துக்கு லோகோ வரைந்து கொடுப்பவருக்கு அதே 20 லட்சம் எல்லைதான். பெரிய ஆன்லைன் தளங்களில் பொருள் விற்பதற்கு முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்கள் எல்லைக்குள் இருந்தால் முழுப் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கலாம். வெளிமாநில ஆர்டர்கள் உண்மையிலேயே நிறைய வருகின்றன என்றால் பயந்து விட்டுவிட வேண்டாம். பதிவு செய்து முறையாக அனுப்புங்கள். எப்போதோ ஒன்று வருகிறது என்றால் அந்த ஒன்றை மறுத்துவிடுவதே நிம்மதி.

17. பதிவு செய்துவிட்டீர்களா? 1.5 கோடி ரூபாய்க்குள் விற்பனை இருந்தால் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. தயாரித்து விற்பவரும் வாங்கி விற்பவரும் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம், வேலை குறைவு. ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழிக்க முடியாது, வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பவும் முடியாது. தெருக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் விற்பவர்களுக்கு இது நல்ல வழி. ஜிஎஸ்டி பில் கேட்கும் நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு ஒத்துவராது.

18. ஜிஎஸ்டி எண் இருக்கும்வரை விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதமானால் வியாபாரம் இல்லாத மாதத்துக்கு நாள் ஒன்றுக்கு 20 ரூபாய், இருந்த மாதத்துக்கு 50 ரூபாய். கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போனவர்கள் பெயரில் இப்படி ஏறிக்கொண்டே போகும். தொழிலை நிறுத்தினால் பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போடுங்கள்.

19. ஆதார், பான் நகலை யாருக்கும் 'சும்மா ஒரு கம்பெனி ஆரம்பிக்க' என்று கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் கூலி வேலை செய்பவர்கள் பெயரில் போலி நிறுவனங்கள் தொடங்கி, கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி அவர்கள் குடிசைக்கு நோட்டீஸ் வந்த கொடுமை பலமுறை செய்தியாகியிருக்கிறது. மாதம் சில நூறு ரூபாய் தருகிறேன் என்று ஆசை காட்டுபவர் பக்கத்துத் தெருக்காரராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

20. இனி வருமான வரி. '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற செய்தியைப் படித்துவிட்டு, ரிட்டர்னே போட வேண்டாம் என்று இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். 4 லட்சத்துக்கு மேல் 12 லட்சம் வரை கணக்குப்படி வரி வரும், தள்ளுபடியில் அது பூஜ்யமாகும். ஆகவே வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். சம்பளக்காரர்களுக்கு உள்ள 75,000 ரூபாய் நிலைக் கழிவு நமக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

21. சிறு தொழிலுக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. செலவு பில் ஒவ்வொன்றையும் காட்டாமல், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவு என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி, யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம். விற்பனை 2 கோடி வரை இருக்கலாம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், உள் அலங்கார நிபுணர் போன்றவர்களுக்கு 44ஏடிஏ. அவர்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்ட வேண்டும். எல்ஐசி முகவர் போலக் கமிஷன் வாங்குபவர்களுக்கு 44ஏடி பொருந்தாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஏற்பாடு தொடர்கிறது.

உதாரணம் பார்ப்போம். ஒரு தையற்காரருக்கு ஆண்டு வரவு 6 லட்சம். அதில் ஜிபேயில் 4 லட்சம், ரொக்கம் 2 லட்சம். 24,000, அதோடு 16,000, ஆக 40,000 ரூபாய் லாபம் காட்டினால் போதும் என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சதவீதங்கள் குறைந்தபட்ச அளவு, உண்மையில் அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். தையலில் செலவு போக 3 லட்சம் நின்றிருந்தால் 3 லட்சம் என்றே எழுதுங்கள். வரி ஒரு ரூபாய்கூட வரப்போவதில்லை. வங்கி மேலாளர் உங்கள் ரிட்டர்னைப் புரட்டும்போது, ஆண்டுக்கு 40,000 ரூபாய் சம்பாதிப்பவருக்குக் கடன் கொடுக்க அவருக்குத் துணிவு வராது. 3 லட்சம் சம்பாதிப்பவருக்கு வரும். வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ஆண்டுதோறும் ரிட்டர்ன் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

22. கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் முன்கூட்டியே செலுத்த வேண்டும். மேலே சொன்ன சதவீத முறையில் இருப்பவர்கள் மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டிவிடலாம். மற்றவர்களுக்கு ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. ஒவ்வொரு மாதமும் வரவில் ஒரு பங்கை ஒதுக்கி ஆர்டி போட்டு வைத்தால் மார்ச் மாதம் நகையை அடகு வைக்க நேராது.

23. நிறுவனம் ஒன்று உங்களுக்கு ஜாப் ஒர்க் கொடுத்தால், ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். அது உங்கள் பணம்தான். ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், வரி இல்லையென்றால் திரும்ப வரும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

24. ரொக்க விஷயத்தில் மூன்று எண்களை மனதில் வையுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், செலவுக் கணக்குக் காட்டி வரி கட்டுபவர்களுக்கு அந்தச் செலவு ஏற்கப்படாது. கடனோ கைமாற்றோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் பெறக் கூடாது. கடைசி இரண்டிலும் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். தம்பி தருகிற கைமாற்றாக இருந்தாலும் வங்கி வழியாக வாங்குங்கள்.

25. மகளிர் குழுக் கடன், முத்ரா கடன் தவணையில் வட்டி மட்டும்தான் தொழில் செலவு. அசல் செலவு ஆகாது, வாங்கியதைத் திருப்பித் தருகிறீர்கள், அவ்வளவுதான். சீட்டுக்குக் கட்டுவதும் அப்படியே. இரண்டையும் செலவில் எழுதினால் லாபத்தில் ஓடும் தொழில்கூட நஷ்டம் போலத் தெரியும்.

26. முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகள். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை. 'முத்ரா வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் கேட்பவரை நம்ப வேண்டாம். நேராக வங்கிக்கே போகலாம். மானியத்தோடு கூடிய மாநில அரசுக் கடன்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

27. மாதத்தை மட்டும் பார்க்காமல் ஆண்டைப் பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண பிளவுஸ் வராது. ஆவணியில் கை கொள்ளாது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தூக்கம் இருக்காது, அடுத்த மாதத்தில் வேலை இருக்காது. டியூஷன்காரர்களுக்கு ஏப்ரலும் மே மாதமும் வறட்சி. இரண்டு ஆண்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் தொழிலின் மழையும் வெயிலும் தெரிந்துவிடும். மழை மாதத்து வரவில் ஒரு பகுதியை வெயில் மாதத்துச் சம்பளத்துக்கு அப்போதே எடுத்து வையுங்கள்.

28. ஆடிட்டரிடம் போகும்போது கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். அவர் என்ன செய்து தருவார், எது அதில் சேராது என்பதையும் கேளுங்கள். வருமான வரித் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் பதிவாகும் போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பல சிறு தொழில்களில் அவை ஆடிட்டர் அலுவலகத்து எண்ணாகவே இருக்கின்றன. நோட்டீஸ் வந்தது உரியவருக்கே தெரியாமல் போகிறது. கடவுச்சொல்லை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

29. 'பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் பாதி எனக்கு' என்பவரிடம் சிக்காதீர்கள். ரிட்டர்னில் இருப்பது உங்கள் பெயர். வட்டியும் அபராதமும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

30. தினசரி காலண்டரில் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி போடுபவர்களுக்கு 11உம் 20உம். காலாண்டு முறையில் இருப்பவர்களுக்கு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் 13உம் 22உம். உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக் கணக்கு. ஆண்டுக்கு எவ்வளவு போனாலும் 2,500 ரூபாயைத் தாண்டாது.

31. உணவுப் பொருள் விற்றால் சமையலறை சிறியதோ பெரியதோ, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். பாக்கெட்டில் அந்த எண், எடை, தயாரித்த நாள், விலை, உங்கள் முகவரி, தொடர்பு எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். கடைக்காரர் உங்கள் பாக்கெட்டை அலமாரியில் வைக்கச் சம்மதிப்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

32. கற்றுக்கொள்ள விரும்பினால் எக்செல் கூட்டல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு டாலி. பொதுத்துறை வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மாவட்டந்தோறும் இலவசமாகப் பயிற்சி தருகின்றன. சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வணிகவியல் பிரிவில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அவர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பாடமும் நன்றாகப் புரியும், அம்மாவின் உழைப்பும் புரியும்.

33. நமக்கு பி.எஃப். கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருந்து வருமான வரி கட்டாதவராக இருந்தால் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம், 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை வரும். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு என்.பி.எஸ். இருக்கிறது. தையல் உட்படப் பல தொழில்களுக்குத் தமிழ்நாட்டில் தனித்தனி நல வாரியம் உண்டு. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவித்தொகை கேட்க வழி இருக்கிறது. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பித்தும் வாருங்கள், புதுப்பிக்காமல் விட்டுவிட்டுத் தேவை வரும்போது ஓடுபவர்கள்தான் அதிகம். தொழில் கணக்குக்கு வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது பாஸ்புத்தகத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.